முதல் திரை யாருக்குச் சொந்தம்?



ஒரு கணினி வாங்குகிறோம். பணம் கொடுப்பவர் நாம். கணினியைச் செய்தது ஒரு நிறுவனம். விற்றது ஒரு கடை. ஆனால் பொத்தானை அழுத்தியதும் திரையில் என்ன தெரிய வேண்டும், எந்த ஐகான் எங்கே இருக்க வேண்டும், எதை நீக்கலாம், எதை நீக்கக் கூடாது என்பதை இந்த மூவரில் ஒருவரும் முடிவு செய்வதில்லை. இயங்குதளத்தைச் செய்த நான்காமவர் முடிவு செய்கிறார். அந்த அதிகாரம் அவர் கைக்கு எப்படிப் போனது, அதைத் திரும்பப் பெற நீதிமன்றங்கள் என்ன செய்தன, அதில் எவ்வளவு நடந்தது என்பதுதான் இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இதைத் தொழில்நுட்ப விவகாரம் என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டியதில்லை. இது அடிப்படையில் ஒப்பந்த விவகாரம். யார் யாரிடம் எதில் கையெழுத்து வாங்கினார்கள், கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று மிரட்டினார்கள் என்பதுதான் இதன் உள்ளடக்கம். சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிடச் சுவையான பாடம் கிடைக்காது.

பிரவுசர் சண்டையிலிருந்துதான் பெரும்பாலானவர்கள் இந்தக் கதையைத் தொடங்குவார்கள். நான் அதற்குச் சற்று முன்னால் போகிறேன். எண்பதுகளின் கடைசியில், எம்எஸ்-டாஸ் காலத்தில், மைக்ரோசாஃப்ட் கணினித் தயாரிப்பாளர்களோடு போட்டுக்கொண்ட உரிம ஒப்பந்தங்களில் ஒரு வகை உண்டு. நீ எத்தனை கணினியில் எங்கள் டாஸைப் போடுகிறாய் என்று அதில் கேள்வியே இல்லை. இன்ன வகை ப்ராசஸர் பொருத்திய கணினி எத்தனை விற்கிறாயோ, அத்தனைக்கும் காசு கட்டிவிடு என்பதுதான் நிபந்தனை. அப்போது டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தின் டிஆர்-டாஸ் என்று ஒரு நல்ல மாற்று சந்தையில் இருந்தது. ஒரு வாடிக்கையாளர் டிஆர்-டாஸ்தான் வேண்டும் என்று கேட்டால் தயாரிப்பாளர் என்ன செய்வார்? அந்தக் கணினிக்காக மைக்ரோசாஃப்டுக்கும் பணம் கட்ட வேண்டும், டிஆர்-டாஸுக்கும் பணம் கட்ட வேண்டும். யார் கட்டுவார்கள்? போட்டியாளரின் சரக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், அது இரண்டாவது செலவாகத்தான் வந்து நிற்கும்.

அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1990-இல் இதை விசாரிக்கத் தொடங்கியது. 1993-இல் ஆணையர்கள் இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்து நின்றதால் முடிவெடுக்க முடியாமல் போனது. அமெரிக்க அரசின் நீதித் துறை அந்தக் கோப்பைக் கையில் எடுத்தது. 1994 ஜூலையில் சமரச உடன்பாடு வந்தது. ப்ராசஸர் கணக்கில் காசு வாங்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. இந்தத் தீர்வு போதாது என்று நீதிபதி ஸ்டான்லி ஸ்போர்கின் 1995 பிப்ரவரியில் கையெழுத்துப் போட மறுத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை ஒதுக்கிவிட்டு வேறொரு நீதிபதியிடம் கொடுத்தது. தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் என்ற அந்த நீதிபதி அதே ஆண்டு ஆகஸ்டில் ஒப்புதல் தந்தார். டிஜிட்டல் ரிசர்ச்சை ஏற்கெனவே விலைக்கு வாங்கியிருந்த நோவல் நிறுவனம் அதற்குள் டிஆர்-டாஸை மேம்படுத்துவதையே கைவிட்டுவிட்டது. நோயாளி போன பிறகு வந்த மருந்து அது. இந்த வரலாறு முழுக்க இதே கோளாறைத்தான் பார்க்கப்போகிறோம்.

அந்த உடன்பாட்டில் ஒரு வரி இருந்தது. விண்டோஸ் உரிமம் வேண்டுமானால் எங்களுடைய வேறொரு சரக்கையும் சேர்த்து வாங்கு என்று மைக்ரோசாஃப்ட் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் ஒருங்கிணைந்த சரக்குகளை உருவாக்குவதற்குத் தடையில்லை. எது தனிச் சரக்கு, எது ஒருங்கிணைந்த சரக்கு? அதை அங்கே யாரும் தெளிவுபடுத்தவில்லை. அடுத்த ஏழாண்டுச் சண்டை முழுவதும் அந்த ஒரு வரிக்குள்தான் நடந்தது.

1994 டிசம்பரில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் என்ற பிரவுசர் வந்தது. இணையம் என்றால் நேவிகேட்டர் என்று ஆகிவிட்ட காலம் அது. மைக்ரோசாஃப்ட் ஏன் ஒரு பிரவுசரைக் கண்டு அப்படிப் பயந்தது என்று கேட்கலாம். பிரவுசர் விற்றுக் கிடைக்கும் காசு அதற்கு ஒரு பொருட்டே அல்ல. பயம் வேறு. விண்டோஸின் பலம் எங்கே இருக்கிறது? அதற்காக எழுதப்பட்ட மென்பொருள்களில் இருக்கிறது. 70,000-க்கும் மேற்பட்ட மென்பொருள்கள் விண்டோஸில் ஓடின என்று பின்னால் நீதிமன்றம் பதிவு செய்தது. ஐபிஎம் கோடிக் கணக்கில் கொட்டி உருவாக்கிய ஓஎஸ்/2-க்கோ சுமார் 2,500 தான் தேறியது. மென்பொருள் இருக்கும் இடத்துக்குத்தான் வாங்குபவர் போவார். வாங்குபவர் இருக்கும் இடத்துக்காகத்தான் மென்பொருள் எழுதுவார்கள். இந்தச் சுழலை உடைத்துக்கொண்டு இன்னொரு இயங்குதளம் உள்ளே நுழைவது ஏறக்குறைய முடியாத காரியம்.

பிரவுசர் இந்தச் சுழலுக்கு வெளியே ஒரு வழி திறந்தது. பிரவுசரையும், எந்த இயங்குதளத்திலும் ஓடும் ஜாவா மொழியையும் நம்பி மென்பொருள் எழுதத் தொடங்கிவிட்டால், கீழே இருப்பது விண்டோஸா, மேக்கா, யூனிக்ஸா என்பது யாருக்கும் பொருட்டாகாது. இன்றைக்கு நாம் மின்னஞ்சலையும் வங்கிக் கணக்கையும் எந்தக் கணினியில் வேண்டுமானாலும் திறக்கிறோமே, அதுதான் அன்றைக்கு வரப்போகும் எதிர்காலமாகத் தெரிந்தது. மைக்ரோசாஃப்டின் தலைவர் பில் கேட்ஸ் அதை நன்றாகவே புரிந்துகொண்டார் என்பதை மறுக்க முடியாது. 1995 மே 26-ஆம் தேதி நிறுவனத்தின் உயர் அதிகாரிகளுக்கு அவர் எழுதிய நீண்ட குறிப்பில் இந்த ஆபத்தைத் தெளிவாகவே விளக்கியிருக்கிறார். கூர்மையான மூளை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் கூர்மை அதற்குப் பிறகு எந்தப் பக்கம் திரும்பியது என்பதில்தான் என் வருத்தம்.

நேவிகேட்டரைவிட நல்ல பிரவுசரைச் செய்து ஜெயிப்பது ஒரு வழி. அதையும் மைக்ரோசாஃப்ட் செய்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் மூன்றாம், நான்காம் பதிப்புகள் தரத்தில் குறைந்தவை அல்ல. ஆனால் அது போதாது என்று அவர்களே நினைத்தார்கள். பிரவுசர் மக்கள் கைக்குப் போகும் முக்கியமான வழிகள் இரண்டு: ஒன்று, புதுக் கணினியில் முன்பே நிறுவப்பட்டு வருவது, இன்னொன்று, இணைய இணைப்பு தரும் நிறுவனம் கொடுப்பது. இரண்டையும் அடைக்க வேண்டும் என்பது திட்டம்.

காம்பேக் நிறுவனத்துக்கு நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அப்போது உலகத்திலேயே அதிகமான தனிக்கணினிகளை விற்றது காம்பேக்தான். அவர்கள் தங்கள் ப்ரெசாரியோ கணினிகளில் இணைய இணைப்பு தரும் ஏஓஎல்லையும் நெட்ஸ்கேப்பையும் முன்னால் நிறுத்துவதென்று முடிவு செய்து, டெஸ்க்டாப்பிலிருந்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஐகானையும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேவையான எம்எஸ்என் ஐகானையும் எடுத்துவிட்டார்கள். நிரலை அழிக்கவில்லை, விண்டோஸின் உறுப்பு எதையும் கெடுக்கவில்லை. சின்னஞ்சிறு படங்கள் இரண்டைத் திரையிலிருந்து எடுத்தார்கள், அவ்வளவுதான். 1996 மே மாதம் மைக்ரோசாஃப்டிலிருந்து கடிதம் வந்தது: விண்டோஸ் 95 உரிமத்தையே ரத்து செய்யப்போகிறோம். விண்டோஸ் இல்லாமல் காம்பேக் எதை விற்கும்? தொழிற்சாலையையே மூட வேண்டியதுதான். ஐகான்கள் திரும்ப வந்தன.

உலகத்தின் முதல் கணினி விற்பனையாளருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் என்ன பேசியிருக்க முடியும்? முதன்முதலாகக் கணினி தொடங்கும்போது தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்த வரவேற்புத் திரைகளைக் காட்டி வந்தார்கள். புதிதாகக் கணினி வாங்குகிறவருக்கு எளிமையாக வழிகாட்டும் திரைகள் அவை. அதையும் 1996-இல் மைக்ரோசாஃப்ட் தடுத்துவிட்டது. ஹியூலட் பேக்கர்ட் நிறுவனம் மனம் வெறுத்துக் கடிதம் எழுதியது. வாடிக்கையாளர்கள் குழம்பிப்போய் எங்களைத்தான் தொலைபேசியில் அழைக்கிறார்கள், செலவு எங்களுக்குத்தான் ஆகிறது, வேறொருவரிடம் வாங்க வழியிருந்தால் உங்களிடம் வாங்கவே மாட்டோம் என்பது அதன் சாரம். இந்த வாசகத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு பெரிய வாடிக்கையாளர் இதை எழுத்தில் கொடுத்த பிறகும் விற்பவர் அசையாமல் இருக்க முடிகிறது. ஏகபோகம் என்பதற்குப் பொருளாதாரப் பாடநூல் தரும் வரையறைகளைவிட இந்தக் கடிதம் எனக்கு நன்றாக விளக்குகிறது.

ஐபிஎம் கதை இன்னும் கசப்பானது. ஓஎஸ்/2, லோட்டஸ் ஸ்மார்ட்சூட் என்று சொந்தச் சரக்குகள் வைத்துக்கொண்டு போட்டி போட்ட குற்றத்துக்காக, ஐபிஎம்முக்கு விண்டோஸ் 95 உரிமம் இழுத்தடிக்கப்பட்டது. 1995 ஆகஸ்ட் 24-ஆம் தேதி விண்டோஸ் 95 வெளியீட்டு விழா. விழா தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்புதான் ஐபிஎம்முக்கு உரிமம் கிடைத்தது. பள்ளிகள் திறக்கும் பருவத்து விற்பனையில் அவர்கள் பின்தங்கிப்போனார்கள்.

நீதித் துறை முதலில் 1997-இல் மைக்ரோசாஃப்டை நீதிமன்றத்துக்கு இழுத்தது. நீதிபதி ஜாக்சன் அந்த டிசம்பரில் இடைக்கால உத்தரவு போட்டார்: பிரவுசர் இல்லாத விண்டோஸையும் தயாரிப்பாளர்களுக்குக் கொடுங்கள். மைக்ரோசாஃப்ட் என்ன கொடுத்தது தெரியுமா? பிரவுசர் இல்லாத விண்டோஸ்தானே வேண்டும், ஒன்று இரண்டாண்டுப் பழைய பதிப்பு, இன்னொன்று ஓடவே ஓடாத பதிப்பு, விருப்பப்பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. விண்டோஸ் 95-இல் நிரல்களைச் சேர்க்கவும் நீக்கவும் இருக்கும் வசதியைக் கொண்டு 90 வினாடிக்குள் எக்ஸ்ப்ளோரரை எடுக்க முடிகிறதே, விண்டோஸ் நன்றாகத்தானே ஓடுகிறது என்று நீதிபதி கேட்டார். மேல்முறையீட்டில் அந்த உத்தரவு நிற்கவில்லை என்பது வேறு விஷயம். அடுத்து வந்த விண்டோஸ் 98-இல் அந்த நீக்கும் பட்டியலிலேயே எக்ஸ்ப்ளோரர் இல்லை! பிரவுசரின் நிரல் வரிகளும் இயங்குதளத்தின் நிரல் வரிகளும் ஒரே கோப்புகளுக்குள் கலக்கப்பட்டிருந்தன. பிரிக்க முடியாது என்று வாதாட வேண்டிய நேரத்தில், பிரிக்க முடியாதபடி பின்னப்பட்ட சரக்கு கடைக்கு வந்தது.

பெரிய வழக்கு 1998 மே 18-ஆம் தேதி தாக்கலானது. நீதித் துறையோடு 20 மாநிலங்களும் வாஷிங்டன் தலைநகரமும் சேர்ந்துகொண்டன. அக்டோபரில் விசாரணை தொடங்கியது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் டேவிட் பாய்ஸ். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன் ஒரு சிறு நிரல் எழுதிக் கொண்டுவந்தார். விண்டோஸ் 98-இலிருந்து எக்ஸ்ப்ளோரரை அப்புறப்படுத்திவிட்டு விண்டோஸை நன்றாக ஓடவைக்கும் நிரல் அது. அதற்குப் பதிலடியாக மைக்ரோசாஃப்டின் மூத்த அதிகாரி ஜிம் ஆல்சின் ஒரு வீடியோவைக் கொடுத்தார். ஃபெல்டனின் நிரலை ஓட்டினால் விண்டோஸ் எப்படித் தள்ளாடுகிறது பாருங்கள் என்று காட்டும் வீடியோ. 1999 பிப்ரவரியில் பாய்ஸ் அதை நீதிமன்றத்தில் நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டார். சாளரத்தின் தலைப்புப் பட்டியைப் பாருங்கள் என்றார். ஃபெல்டனின் நிரல் ஓடிய கணினியில் அங்கே இருக்க வேண்டிய சொற்கள் இல்லை, நடுவில் மாறியிருந்தன. ஒரே கணினியில் தொடர்ச்சியாக எடுத்தது போலக் காட்டப்பட்ட அந்த வீடியோ ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளில் எடுத்து ஒட்டியது என்று பின்னர் ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. ஒரு தலைப்புப் பட்டியில் இருந்த சில எழுத்துகள், உலகத்தின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனத்தின் சாட்சியத்தைச் சாய்த்தன.

மைக்ரோசாஃப்டின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். இயங்குதளம் என்பது வளர்ந்துகொண்டே போகும் சரக்கு. ஒரு காலத்தில் தனியாக விற்ற வசதிகள் பின்னால் இயங்குதளத்திலேயே சேர்ந்துவிடுகின்றன. வாங்கியவுடன் இணையத்துக்குப் போக முடிவது பயனருக்கு வசதிதான். 49 டாலருக்கு விற்ற பிரவுசர் இலவசமானதில் யாருக்கும் நஷ்டமில்லையே என்றும் கேட்டார்கள். முதல் இரண்டு வாதங்களையும் நான் ஏற்கிறேன். பிரவுசரைச் சேர்த்துக் கொடுத்தது குற்றம் என்று நான் சொல்லவே இல்லை. எடுக்கக் கூடாது என்றதுதான் குற்றம். இன்னொருவருடையதைப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்றதுதான் குற்றம். இந்த வேறுபாட்டைக் கைவிட்டால், சேர்ப்பதா சேர்க்காமலிருப்பதா என்ற வீண் விவாதத்தில் மாட்டிக்கொள்வோம். எதிர்த்தரப்புக்கு வேண்டியதும் அதுவே.

1999 நவம்பர் 5-ஆம் தேதி வழக்கின் உண்மைகள் குறித்த தன் முடிவுகளை நீதிபதி ஜாக்சன் வெளியிட்டார். 2000 ஜூனில் நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். 2001 ஜூன் 28-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரிக்கும் உத்தரவைத் தள்ளுபடி செய்தது. வழக்கு நடக்கும்போதே பத்திரிகையாளர்களிடம் ரகசியமாகப் பேசியதற்காக ஜாக்சனையும் வழக்கிலிருந்து விலக்கியது. அவர் செய்தது பெரிய தவறு. உழைத்துக் கட்டிய வழக்கை அவரே பலவீனப்படுத்திவிட்டார். ஆனாலும் அதே தீர்ப்பில் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காப்பாற்றிக்கொண்டது உறுதியானது. தயாரிப்பாளர்களைக் கட்டிப்போட்டதும், நீக்கும் பட்டியலிலிருந்து பிரவுசரை எடுத்ததும், நிரல் வரிகளைக் கலந்ததும் சட்ட மீறல் என்று ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்த நவம்பரிலேயே புஷ் அரசின் நீதித் துறை சமரசம் செய்துகொண்டது. நெட்ஸ்கேப் அதற்கு முன்பே ஏஓஎல்லிடம் விலைபோயிருந்தது.

நஷ்டம் எங்கே என்று கேட்டார்களே, அதற்கு வருகிறேன். எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது 2001-இல். எக்ஸ்ப்ளோரர் 7 வந்தது 2006 அக்டோபரில். இணையம் வேகவேகமாக வளர்ந்த ஐந்தாண்டுகள் அவை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பயன்படுத்திய பிரவுசர் அந்த ஐந்தாண்டும் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. போட்டியாளர் செத்த பிறகு ஓட வேண்டிய அவசியம் என்ன? பாதுகாப்பு ஓட்டைகள் வழியாக வைரஸ்கள் புகுந்தன. இணையதளங்கள் எக்ஸ்ப்ளோரருக்கென்றே எழுதப்பட்டன. நம் அனுபவத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. யுனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழ்ச் செய்தித் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. டைனமிக் ஃபாண்ட் என்ற முறையில், மைக்ரோசாஃப்டின் இஓடி வடிவத்தில் எழுத்துருவைப் பக்கத்தோடு இணைத்தவர்களின் தளம் எக்ஸ்ப்ளோரரில் அழகான தமிழாகத் தெரியும். வேறு பிரவுசரில் திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். லினக்ஸ் போட்டிருந்த தமிழருக்குத் தமிழ்ப் பத்திரிகை படிக்க முடியவில்லை. நெட்ஸ்கேப் 1998-இல் திறந்துவிட்ட மூலநிரலிலிருந்து கிளம்பிய மொசில்லா, 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த நிலை அசையத் தொடங்கியது.

ஐரோப்பாவுக்கு வருவோம். அங்கே தீர்ப்புகள் கடுமையாக இருந்தன. பலன் என்னவோ குறைவுதான். 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் 497 மில்லியன் யூரோ அபராதம் விதித்து, மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்கச் சொன்னது. அதற்கு மைக்ரோசாஃப்ட் முதலில் வைக்க நினைத்த பெயர், மீடியா குறைக்கப்பட்ட பதிப்பு என்று பொருள்படும் பெயர். வாங்க வருபவரைப் பெயரிலேயே விரட்டும் உத்தி. ஆணையம் அதை ஏற்கவில்லை. கடைசியில் எக்ஸ்பி என் என்று ஆனது. விலையோ முழு விண்டோஸின் அதே விலை. ஒரு வசதி குறைந்த சரக்கை அதே காசுக்கு யார் வாங்குவார்கள்? ஏறக்குறைய யாரும் வாங்கவில்லை. இதை ஆணையம் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். குறைத்துக் கொடு என்று கேட்டதே தவறு. தயாரிப்பாளர் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம், சேர்த்துக்கொள்ளலாம், நீக்கலாம் என்று கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த முயற்சி கொஞ்சம் புத்திசாலித்தனமானது. நார்வேயின் ஓபரா நிறுவனம் 2007 டிசம்பரில் புகார் கொடுத்தது. அதன் விளைவாக 2010 மார்ச்சிலிருந்து ஐரோப்பிய விண்டோஸ் பயனர்களுக்கு ஒரு தேர்வுத் திரை காட்டப்பட்டது. பன்னிரண்டு பிரவுசர்கள், எது வேண்டும் என்று கேட்கும் திரை. ஐந்தாண்டு காட்ட வேண்டும் என்பது உடன்பாடு. 2011-இல் விண்டோஸ் 7-க்கு வந்த சர்வீஸ் பேக் ஒன்றோடு அந்தத் திரை காணாமல் போனது. பதினான்கு மாதம், சுமார் ஒன்றரைக் கோடிப் பேருக்கு அது காட்டப்படவில்லை. தொழில்நுட்பப் பிழை என்றது மைக்ரோசாஃப்ட். 2013 மார்ச்சில் 561 மில்லியன் யூரோ அபராதம் விழுந்தது. பதினான்கு மாதமாக அந்தத் திரை காணாமல் போனதை நிறுவனத்துக்குள் யாரும் கவனிக்கவில்லை என்பதே ஒரு செய்தி. பயனரின் தேர்வு உரிமையை அவர்கள் எவ்வளவு மதித்தார்கள் என்று அது காட்டுகிறது.

இதெல்லாம் பழைய கதை, இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். மாறியிருப்பது ஒன்றுதான். அன்றைக்கு அழுத்தம் கணினித் தயாரிப்பாளர் மேல் விழுந்தது. இன்றைக்கு நேரே பயனர் மேல் விழுகிறது.

2016-இல் விண்டோஸ் 10-க்கு மாறச் சொல்லி ஒரு பெட்டி திரையில் வந்துகொண்டே இருந்தது. மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் வேண்டாம் என்று அர்த்தம். கணினி பழகிய குழந்தைக்கும் தெரிந்தது அது. ஒரு கட்டத்தில் அதை அழுத்தினாலும் குறித்த நேரத்தில் புதிய பதிப்பு ஏறியது. வேலைக்கு நடுவே கணினி தானாக மாறிக்கொண்டதைக் கண்டு உலகம் முழுக்கக் கொதித்தார்கள். எல்லை மீறிவிட்டோம் என்று மைக்ரோசாஃப்டின் சந்தைப்படுத்தல் பிரிவுத் தலைவரே அந்த ஆண்டுக் கடைசியில் ஒப்புக்கொண்டார்.

இன்றைக்கு விண்டோஸ் 11 ஹோம் போட்ட புது லேப்டாப்பைத் திறந்து பாருங்கள். முதலில் எந்த நாடு என்று கேட்கும். பிறகு விசைப்பலகை. பிறகு இணைய இணைப்பு. இணைக்காமல் தாண்டிப் போக அந்தத் திரையில் பொத்தான் கிடையாது. பிறகு மைக்ரோசாஃப்ட் கணக்கு திறக்க வேண்டும். நம் வீட்டு மேசையில் இருக்கும் நம் சொந்த இயந்திரத்துக்குள் நுழைய அவர்களிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்குப் பின் ஒன்டிரைவ். டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸ் கோப்புறையிலும் நாம் வைக்கும் கோப்புகள் அவர்கள் சர்வருக்குப் போகத் தொடங்கும். இலவச இடம் 5 ஜிபி. சில மாதத்தில் நிறையும்; நிறைந்ததும் காசு கட்டச் சொல்லி அறிவிப்பு வரும். கட்ட விருப்பமில்லாமல் ஒன்டிரைவிலிருந்து எதையாவது அழித்தால், கணினியிலிருந்தும் அது போய்விடும். இரண்டும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்று முதல்முறை கணினி வாங்கும் மாணவருக்கோ, ஓய்வூதியப் பணத்தில் வாங்கிய பெரியவருக்கோ எப்படித் தெரியும்? புரோகிராமர்கள் எப்படியாவது சமாளித்துக்கொள்வார்கள். இவர்களை நினைத்துத்தான் எனக்குக் கோபம் வருகிறது.

டீம்ஸ் விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஃபீஸ் தொகுப்போடு டீம்ஸ் என்ற அலுவலக உரையாடல் செயலியைச் சேர்த்துக் கொடுத்ததை எதிர்த்து, போட்டியாளரான ஸ்லாக் நிறுவனம் 2020 ஜூலையில் ஐரோப்பிய ஆணையத்தில் புகார் கொடுத்தது. டீம்ஸ் இல்லாத தொகுப்பைக் குறைந்த விலைக்குத் தரும் உறுதிமொழியை ஆணையம் ஏற்றது 2025 செப்டம்பரில். ஐந்தாண்டு! இந்த முறை விலைக் குறைப்பையும் சேர்த்துக் கேட்டார்கள். எக்ஸ்பி என் கற்பித்த பாடம் வீண்போகவில்லை. கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சேர்த்து ஆஃபீஸ் சந்தா விலையை ஏற்றியபோது, கோபைலட் இல்லாத பழைய திட்டமும் உண்டு என்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குப் போட்டிருக்கிறது.

இனி, இந்த உரையில் நீங்கள் மறக்கக் கூடாது என்று நான் நினைக்கும் செய்தி. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டப்படி மைக்ரோசாஃப்ட் 2024 மார்ச்சுக்குள் விண்டோஸை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினார்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் மைக்ரோசாஃப்டின் இன்றைய பிரவுசரான எட்ஜை முழுவதுமாக நீக்கலாம். தேடல் பெட்டியிலிருந்து பிங் தேடுபொறியை எடுக்கலாம். கணினி எந்த நாட்டுக்குரியது என்று விண்டோஸ் எப்படித் தெரிந்துகொள்கிறது? முதலில் வந்ததே, எந்த நாடு என்று கேட்கும் திரை, அங்கே நாம் தேர்ந்தெடுக்கும் பெயரை வைத்துத்தான். ஜெர்மனி என்று தேர்ந்தெடுத்தால் எட்ஜ் நீங்கும். இந்தியா என்று தேர்ந்தெடுத்தால் நீங்காது. இயங்குதளம் ஒன்றுதான், நிரல் வரிகளும் அவையேதான். பிரவுசரைப் பிரித்தால் விண்டோஸ் உடைந்துபோகும் என்று 1998-இல் சத்தியம் செய்து சொன்னவர்கள், சட்டம் கட்டாயப்படுத்தியதும் நாட்டின் பெயரைக் கொண்டே பிரித்துக் காட்டிவிட்டார்கள்.

நம் நாட்டுக்கு இப்படிக் கட்டாயப்படுத்தத் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு போன்களில் கூகுள் தன் செயலிகளைக் கட்டாயமாகச் சேர்த்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சில கட்டளைகளை நீக்கினாலும் அபராதத்தை உறுதிசெய்தது. ஒரு வழக்கைத் தொடங்கிப் பல ஆண்டு விசாரித்து அபராதம் போடுவதற்குப் பதிலாக, முன்கூட்டியே விதி வகுப்பதற்காக டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவை 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்டது. இயங்குதளங்களும் அதன் எல்லைக்குள் வருகின்றன; ஒன்றோடொன்றைக் கட்டி விற்பதைத் தடுக்கும் பிரிவும் அதில் இருக்கிறது. அது இன்னும் சட்டமாகவில்லை. சிறு நிறுவனங்களையும் அது நசுக்கிவிடும் என்று எதிர்ப்பவர்களின் அச்சத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. அதற்காக முழு மசோதாவையும் கிடப்பில் போடுவதை ஏற்க முடியாது.

சட்டம் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டியதில்லை. இந்தியாவில் மிகப் பெரிய லேப்டாப் வாடிக்கையாளர்களில் ஒன்று தமிழ்நாடு அரசு. 2011 முதல் மாணவர்களுக்கு லட்சக் கணக்கில் வாங்கிக் கொடுத்திருக்கிறது. சென்னை சி-டாக் மையத்தில் உருவான பாஸ் லினக்ஸ் போன்ற மாற்றும் கைவசம் இருக்கிறது. லட்சக் கணக்கில் வாங்குகிறவர் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் நான்கு வரிகள் சேர்த்தால் போதும். கணக்கு திறக்காமலே கணினிக்குள் நுழைய வழி வேண்டும். முன்பே நிறுவப்பட்ட எந்தச் செயலியையும் மாணவர் நீக்க முடிய வேண்டும். கேட்காமல் எந்தக் கோப்பும் வெளியே போகக் கூடாது. முதல் திரையில் பிரவுசரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு தர வேண்டும். இந்தப் பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் கணினிகள் வாங்குகிறது. கொள்முதல் குழுவில் இருப்பவர்கள் இந்த அரங்கத்திலேயே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த கொள்முதல் ஆவணத்தில் அந்த நான்கு வரிகளை எழுத வேண்டும் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எழுதும்போது சட்டத் துறை மாணவர்களை உடன் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.